திருத்தியவன் ஏறவேண்டும்

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்துமூன்றாம் ஆண்டு, மார்கழி மாதம். ஊர்காவற்றுறை இறங்குதுறையில், வாடைக்காற்று இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுக்க, ஒரு கையில் தேசிக்காயும் மறு கையில் ஸ்பானருமாக நான் நின்றேன். அப்போது எனக்கு நாற்பத்துநான்கு வயது. யுத்த காலத்தில் மூன்று வருடம் பர்மா எல்லை மலைகளில் பட்டாளத்தோடு கிடந்து வந்தவன். ஆனால் அன்றைக்கு அந்த இறங்குதுறையில் பயந்ததுபோல மலையில் ஒருநாளும் நான் பயப்படவில்லை.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொன்னைச் சேர்ந்தவன். தகப்பனாருக்குத் தெற்கே காலி நகரில் சுருட்டுக் கடை இருந்தது. என்னையும் கடையில் இருத்தப் பார்த்தார். எனக்கோ சுருட்டுக் கட்டுகளைவிட, வாசலில் வந்து நிற்கும் லொறிகளில்தான் கண். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இந்தியாவுக்குப் போய், அங்கே பட்டாளத்தில் வாகனம் திருத்தும் பிரிவில் சேர்ந்துவிட்டேன். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து சந்தியடியில் ஒரு சின்னப் பட்டறை போட்டேன். அன்றிலிருந்து என் சொந்தப் பெயர் மறைந்து ‘பட்டாளத்தார்’ என்ற பெயர் நிலைத்தது.

தேநீர்க் கடையில் நான் யுத்தக் கதை தொடங்கினால் ஆட்கள் பஸ்ஸை விட்டுவிட்டு இருந்து கேட்பார்கள். பத்துப் பதினைந்து யப்பானியரையாவது நான் சுட்டு விழுத்தியிருப்பேன் என்று ஊர் நம்பியது. நானும் இல்லையென்று சொல்லவில்லை. உண்மை என்னவென்றால், பயிற்சிக் காலத்துக்குப் பிறகு நான் துவக்கைத் தொட்டதே இல்லை. தொட்டதெல்லாம் ஸ்பானரும் கிறீசும்தான்.

இன்னொரு உண்மையும் இருந்தது. அது என் மனைவிக்கு மட்டும் தெரியும். எனக்குக் கடல் என்றால் பயம். தீவில் பிறந்தவன் எல்லாம் மீன்குஞ்சு என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார்கள். நாங்கள் தோட்டக்காரர். எங்கள் தீவிலிருந்து யாழ்ப்பாணம் போகப் பாலத்தோடு ரோட்டு இருக்கிறது. கடலில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. சின்ன வயதில் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனபோது வள்ளம் ஒரு பக்கம் சரிந்து எல்லாரும் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. அதன்பிறகு அம்மனைக் கரையில் நின்றே கும்பிட்டு வந்தேன். இந்தியாவுக்குக் கப்பலில்தானே போனாய் என்று கேட்பீர்கள். போனேன். தலைமன்னாரில் மூடிய கண்ணைத் தனுஷ்கோடியில்தான் திறந்தேன்.

அந்தக் காலத்தில் ஊர்காவற்றுறைக்கும் எழுவைதீவுக்கும் இடையில் ஒரேயொரு மோட்டார் வள்ளம் ஓடியது. மற்றவை எல்லாம் பாய் வள்ளங்கள். அந்த மோட்டார் வள்ளத்தின் எஞ்சின் உண்மையில் வள்ளத்து எஞ்சினே இல்லை. யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட ஒரு பட்டாள லொறியின் எஞ்சினைக் கழற்றி அதில் பூட்டியிருந்தார்கள். அதனால் அது இருமினாலும் தும்மினாலும் வள்ளக்காரர் சைக்கிளில் என்னிடம்தான் ஓடி வருவார். அந்த எஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் கழற்றிப் பூட்டுவேன் என்று நான் பெருமையடித்திருந்தேன்.

அந்த வருடம் கார்த்திகையில் எஞ்சின் நின்று நின்று ஓடத் தொடங்கியது. நான் போய் பெற்றோல் வரும் குழாயைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தேன். வள்ளம் இறங்குதுறையில் கட்டியபடியே நிற்க, ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தேன். கடிகாரம் மாதிரி ஓடியது. “ஒருக்கா நீங்களும் எங்களோடை வந்து பாருங்கோவன்” என்று வள்ளக்காரர் கேட்டார். அன்றைக்குக் கார்த்திகை விளக்கீடு. “வீட்டிலை கெதியா வரச் சொன்னவை” என்று சொல்லிவிட்டுக் கரையில் நின்று கையைக் காட்டினேன்.

வள்ளம் துறைக்கு வெளியே தண்ணீருக்குள் நிற்கும் கடற்கோட்டையைத் தாண்டி நடுக்கடலுக்குப் போனதும் எஞ்சின் நின்றுவிட்டது. வள்ளக்காரருக்கு ஓட்டத் தெரியுமே தவிரத் திருத்தத் தெரியாது. ஆறு பேர் வள்ளத்தில். அதில் ஒரு தாயும் கைக்குழந்தையும். வாடைக்காற்று அவர்களைத் தென்மேற்கே தள்ளிக்கொண்டு போக, மழையும் சேர்ந்து அடிக்க, பகல் முழுக்க வள்ளம் அலைத்திரை மேல் ஆடியிருக்கிறது. பொழுதுபடும் நேரம் அனலைதீவு மீன்பிடிகாரர் கண்டு, கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்கு மட்டும் ஒரு கிழமை காய்ச்சல்.

என்ன பிழை என்று பிறகு பார்த்தேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். குழாயைச் சுத்தம் செய்த நான், பெற்றோல் தாங்கியைச் சுத்தம் செய்யவில்லை. தாங்கியின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு ஊத்தை. வள்ளம் கட்டி நிற்கும்போது ஊத்தை அடியிலேயே கிடந்தது. திரையில் வள்ளம் ஆட ஊத்தை கலங்கிக் குழாயை அடைத்துவிட்டது. நான் வள்ளத்தில் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

தேநீர்க் கடையில் எல்லாரும் எனக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். “ஆனைக்கும் அடி சறுக்கும் பட்டாளத்தார்” என்றார்கள். சறுக்கிய ஆனை கரையில் நின்றது, விழுந்தது வேறு ஆட்கள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. யுத்தக் கதை சொல்வதை நிறுத்தினேன். பட்டறைக்குப் போவதும் வீட்டுக்கு வருவதுமாக நாட்கள் போயின. வள்ளமோ உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினோடு இறங்குதுறையில் கட்டிக் கிடந்தது. அதில் ஏற எழுவைதீவார் ஒருவரும் தயாராக இல்லை.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பட்டறை வாசலில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். எழுவைதீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ரீச்சர். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பிஸ்கற் ரின்னை அணைத்துப் பிடித்திருந்தார். விளக்கீட்டன்று அந்த வள்ளத்தில் இருந்த ஆறு பேரில் அவரும் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். மழைக்குள் அந்தக் குழந்தையைத் தன் சேலைக்குள் வைத்திருந்தவர் அவர்தான். நான் எழுந்து நின்றேன். நன்றாகத் திட்டட்டும் என்று நினைத்தேன்.

“அண்ணை, நான் ஏச வரேல்லை. ஒண்டு கேக்க வந்தனான். அண்டைக்கு நீங்கள் ஏன் வள்ளத்திலை ஏறேல்லை?”

“விளக்கீடு, ரீச்சர். வீட்டிலை தேடுவினம் எண்டு...”

“விளக்கீடு பின்னேரம்தானே. வள்ளம் வெளிக்கிட்டது காலமை பத்து மணிக்கு.”

பிடிபட்ட கள்ளன் போல விழித்தேன். பிறகு, பதினாறு வருடமாக ஊரிலே ஒருவருக்கும் சொல்லாததை அந்த மனுஷிக்குச் சொல்லிவிட்டேன். “எனக்குக் கடலெண்டால் பயம், ரீச்சர்.”

அவர் சிரிக்கவில்லை. “எனக்கும்தான் பயம். அண்டைக்குப் பிறகு இன்னும் கூடிப்போச்சு” என்று சொல்லிவிட்டு ரின்னைத் திறந்து காட்டினார். உள்ளே ஏழு அட்டைகள். பத்தாம் வகுப்புச் சோதனைக்கான அனுமதி அட்டைகள். திங்கட்கிழமை ஊர்காவற்றுறையில் சோதனை. அட்டைகளை எடுக்க அவர் புதன்கிழமை பாய் வள்ளத்தில் இக்கரைக்கு வந்திருக்கிறார். அன்றிரவே வாடை கிளம்பிவிட்டது. இனி அந்தக் காற்றை எதிர்த்துப் பிள்ளைகளோடு பாய் வள்ளம் இக்கரைக்கு வராது. நயினாதீவுப் பக்கம் ஓடும் மோட்டார் வள்ளக்காரரும் இந்தக் காற்றில் வர ஏலாது என்று கையை விரித்துவிட்டார். அட்டைகள் இக்கரையில், பிள்ளைகள் அக்கரையில்.

“ஏழு பிள்ளையள் அண்ணை. உந்தத் தீவிலை இருந்து பத்தாம் வகுப்புச் சோதனை எடுக்க வாற முதல் ஆக்கள். அதிலை மூண்டு பேர் பொம்பிளைப் பிள்ளையள். இந்த முறை தவறினால் பெடியங்கள் எண்டாலும் அடுத்த வருசம் எழுதுவாங்கள். பெட்டையளைத் திரும்ப அனுப்பமாட்டினம்.”

“நான் திருத்தினாலும் தாய்தேப்பன்மார் பிள்ளையளை ஏத்தமாட்டினம், ரீச்சர்.”

“ஓம், ஏத்தமாட்டினம். ஆனால் நானே அதிலை வந்து இறங்கினால் ஏத்துவினம். நீங்கள் ஏறினால் நான் ஏறுவன்.”

அவ்வளவுதான் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் உடனே இறங்குதுறைக்குப் போய் எஞ்சினைத் திறந்து பார்த்தேன். உப்பு தின்றிருந்தது. மற்றதெல்லாம் கழுவித் துடைத்தால் சரி. ஆனால் எஞ்சினுக்குத் தீப்பொறி பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ரிபியூட்டர் மூடி வெடித்துப் போயிருந்தது. கொழும்பிலிருந்து ஒரு மூடி வர ஒரு மாதமாகும். சோதனைக்கோ மூன்று நாள்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சட்டென்று ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் ஒரு கடைக்காரர் வளவின் கோடியில், அதே ஏலத்தில் எடுத்த அதே மாதிரி லொறி ஒன்று ரயர் இல்லாமல் கல்லுக்கு மேல் நின்றது. பத்து வருடமாக அது கோழிக்கூடாகத்தான் இருந்தது.

கேட்டதும் கடைக்காரர் சிரித்தார். “எடும், எடும். முட்டையளை மட்டும் விட்டுவிடும்” என்றார்.

எஞ்சின் மூடியைத் தூக்கினேன். உள்ளே பழைய எண்ணெயும் மழை ஊறிய இரும்பும் கலந்த ஒரு மணம். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கரம்பொன் போய்விட்டது. நான் மலையில் நின்றேன்.

அந்த மலைக் கதையை நான் தேநீர்க் கடையில் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பட்டறை காட்டுக்குள், படங்குத் துணி கட்டிய கொட்டில்களில் இருந்தது. முழங்கால் அளவு சேறு. மேலே மலையில் கிழமைக் கணக்காகச் சண்டை. ஒருநாள் சத்தம் நின்றது. “ஏறுங்கள், வண்டிகளை எடுக்கவேண்டும்” என்று எங்கள் ஹவில்தார் சொன்னார். அவர் ஒரு பஞ்சாபிக்காரர். நரைத்த தாடி. சிரிக்கவே மாட்டார்.

மேலே போனால் மலையே இல்லை. மரங்கள் இருந்த இடத்தில் கரிந்த கம்பங்கள் நின்றன. ஒரு பச்சை இலை இல்லை, ஒரு குருவிச் சத்தம் இல்லை. எங்கள் பக்கத்தாரும் அவர்கள் பக்கத்தாரும் ஒரே சேற்றில் கிடந்தார்கள். லொறிகள் பள்ளத்துக்குள் தலைகீழாகக் கிடந்தன. செத்த லொறிகளிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி, உயிர்பிழைக்கக்கூடிய லொறிகளுக்குப் பூட்டுவதுதான் எங்கள் வேலை. ஒரு லொறியின் இருக்கைக்குக் கீழே சின்னத் தகர டப்பா ஒன்று கிடைத்தது. திறந்தால் திருநீறு. அந்தச் சாரதி எந்த ஊரோ. டப்பாவை ஹவில்தாரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைப்பாகையில் ஒற்றி, இறந்தவர்களின் பொருள்களை வீடுகளுக்கு அனுப்பும் பெட்டிக்குள் வைத்தார். நான் ஒரு லொறிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

மூன்று செத்த லொறிகளில் இருந்து நான் ஒரு லொறியைக் கட்டி எழுப்பினேன். காயப்பட்ட பன்னிரண்டு பேர் நாட்கணக்காகக் குழிகளுக்குள் காத்திருந்தார்கள். அவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டும். வழியோ ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் சேறு. எல்லாம் பூட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். ஹவில்தார் என் தோளைப் பிடித்துச் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் தள்ளினார். எங்கள் பட்டறையின் வழக்கம் அது. பிரேக்கைத் திருத்தியவன் முதல் இறக்கத்தில் சாரதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டளைப் புத்தகத்தில் அப்படி இல்லை. ஹவில்தார் வைத்த சட்டம்.

சாரதி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏறுங்க சிலோன்காரரே. உங்க பிரேக்கு பிடிச்சா ரெண்டு பேரும் கீழ போயி டீ குடிப்போம். பிடிக்கலேன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். அதனாலதான் நீங்க நல்லா மாட்டியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.”

மூன்றாவது வளைவில் ஒரு பக்கச் சக்கரச் சில்லு சூடேறி மணக்கத் தொடங்கியது. நிறுத்தி, இறங்கி, ஒரு ஆணியை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். நான் இல்லாவிட்டால் அந்த லொறி அடுத்த வளைவைக் கண்டிருக்காது. பன்னிரண்டு பேரையும் உயிரோடு இறக்கினோம். தேநீரும் குடித்தோம்.

கோழிகள் காலைக் கொத்த, அந்தக் கடைக்காரர் வளவில் நின்று இதையெல்லாம் நினைத்தேன். நினைக்க நினைக்க என் மேல் எனக்கே கோபம் வந்தது. துவக்குச் சத்தத்துக்கு நடுவில் கற்றுக்கொண்ட ஒரே ஒரு நல்ல சட்டம் அது. அதைக் கொண்டுவந்து, விளக்கீட்டன்று கரையில் நின்று கடலில் எறிந்திருக்கிறேன். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பட்டாள வழக்கப்படி ஒரு கடதாசித் துண்டில் ‘டிஸ்ரிபியூட்டர் மூடி, எழுவைதீவு வள்ளத்துக்கு’ என்று எழுதி அந்தச் செத்த லொறியில் கட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை முழுக்க வேலை. தாங்கியை இறக்கி மூன்று தரம் கழுவினேன். பெற்றோலை என் நல்ல வேட்டியில் வடித்து ஊற்றினேன். வள்ளக்காரர் வாளியோடு பக்கத்தில் நின்றார். விளக்கீட்டுக்குப் பிறகு என்னோடு சரியாகக் கதைக்காமல் இருந்தவர், வேட்டி கறுத்துப் போனதைப் பார்த்ததும் ஒரு சுருட்டை எடுத்து நீட்டினார். பின்னேரம் எஞ்சின் ஓடியது.

இரவு சாப்பிடும்போது, நாளைக்கு நான் எழுவைதீவு போகிறேன் என்று சொன்னேன். மனைவி அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள்.

“கடலிலையோ?”

“பின்னை, எழுவைதீவுக்கு பஸ்ஸே ஓடுது?”

அகப்பையைச் சட்டியில் வைத்தாள். பிறகு, “பர்மா மலையிலை போகாத உயிர் உந்தப் பரவைக் கடலிலையே போகப்போகுது? போட்டு வாங்கோ” என்றாள். காலையில் வேலியோர எலுமிச்சையில் பறித்த ஒரு தேசிக்காயை என் கையில் வைத்து, வயிற்றைப் பிரட்டினால் மணந்து பார்க்கச் சொன்னாள். அந்தத் தேசிக்காயோடுதான் இறங்குதுறையில் நின்றேன்.

ரீச்சர் பிஸ்கற் ரின்னோடு வந்தார். வள்ளத்துக்குள் நான் இறங்கும்வரை அவர் இறங்கவில்லை. உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன? இறங்கினேன். ரீச்சரும் இறங்கினார்.

கடற்கோட்டை வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அதைத் தாண்டியதும் முதலாவது திரை வந்தது. காலை தின்ற பிட்டு வெளியே வந்தது. இரண்டாவது திரைக்கு முதல்நாள் சோறும் வந்தது. தேசிக்காய் கையை விட்டு உருண்டு எங்கோ போய்விட்டது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் இருமியது. ஒரு தரம், இரண்டு தரம். வள்ளக்காரர் என்னைப் பார்த்தார். ரீச்சர் என்னைப் பார்க்கவில்லை. ரின்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், எஞ்சின் இருமியதும் எனக்கு வாந்தி நின்றுவிட்டது. எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். எஞ்சின் பெட்டிப் பலகையில் ஒரு வெடிப்பு. கரையில் கட்டி நின்றபோது அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே ஒவ்வொரு திரைக்கும் அதற்குள்ளால் தண்ணீர் சீறி நேரே டிஸ்ரிபியூட்டரில் விழுந்தது. போட்டிருந்த சேட்டைக் கழற்றி மூடியைத் துடைத்தேன். வெடிப்பை அடைக்கக் கைக்கு எதுவும் அகப்படவில்லை. சாரத்தை அவிழ்த்து, உருட்டி, வெடிப்புக்குள் அடைத்து முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு இருந்தேன். நல்லகாலம், பட்டறைப் பழக்கத்தில் உள்ளே பட்டாளத்துக் காக்கிக் காற்சட்டை போட்டிருந்தேன். எஞ்சின் இருமலை நிறுத்தியது. இருமல் நின்றதும் எனக்கு வாந்தியும் சத்தியும் திரும்பத் தொடங்கின.

எழுவைதீவுக் கரையில் ஊரே திரண்டு நின்றது. வள்ளத்தின் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டிருக்கிறார்கள். நான் இறங்கிய கோலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சேட் இல்லை. சாரம் இல்லை. காக்கிக் காற்சட்டை. முகமெல்லாம் கிறீஸ். கரையில் கால் வைத்ததும் அப்படியே மணலில் குந்தி, எல்லாருக்கும் முன்னால் இன்னொரு தரம் சத்தி எடுத்தேன். ஊர் முழுக்கக் கேள்விப்பட்ட பட்டாளத்தார் இவர்தான்.

ஊரார் என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவர், சோதனை எழுதவேண்டிய பெண்பிள்ளை ஒருத்தியின் தாத்தா, மெல்லக் கேட்டார்.

“தம்பிக்குக் கடல் ஒத்துவராதோ?”

“ஏலாது ஐயா. கடலெண்டால் எனக்குச் சரியான பயம்.”

“பேந்தென்னத்துக்கு வந்தனீர்?”

“நான் திருத்தின எஞ்சின். நான் ஏறவேணும்.”

கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிவிட்டுத் திரும்பி ஊராருக்குச் சொன்னார். “இவ்வளவு பயந்த மனிசன் இதிலை ஏறி வந்திருக்கிறாரெண்டால், எஞ்சினிலை பிழை இருக்காது. பிள்ளையளை வெளிக்கிடுத்துங்கோ.”

கரை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். விளக்கீட்டுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். ஒரு வீட்டில் தேநீர் வந்தது, இன்னொரு வீட்டில் உலர்ந்த சாரம் வந்தது. நான் சாக்குத் துணியும் தாரும் கேட்டு வாங்கி, எஞ்சின் பெட்டி வெடிப்பை ஒழுங்காக அடைத்து, மேலே பலகைத் துண்டு வைத்து ஆணி அறைந்தேன். தகப்பன்மார் சுற்றி நின்று ஒவ்வொரு ஆணியையும் எண்ணாத குறையாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மெதுவாகவே அறைந்தேன்.

பிற்பகல் ஏழு பிள்ளைகளும் ஏறினார்கள். திரும்பும் பயணம் காற்றுக்கு எதிர். வள்ளத்தின் முனை ஏறி ஏறி விழுந்தது. எஞ்சின் ஒரு தரம்கூட முனகவில்லை. நான் பெட்டியின் பக்கத்தில், வாளியும் கையுமாக இருந்தேன். எனக்கு எதிரே ஒரு பெண்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேத்திரகணிதத் தேற்றம் ஒன்றைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். நான் வாளிக்குள் குனியும்போதெல்லாம் நிறுத்தி, நான் நிமிர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். கடற்கோட்டை தெரிந்ததும் தேற்றம் முடிந்தது. காலடியில் உருண்டு கிடந்த என் தேசிக்காயை எடுத்து நீட்டினாள். “மாமா, இனித் தேவைப்படாது. கரை வந்திட்டுது.”

இறங்குதுறையில் கூட்டம் நின்றது. தேநீர்க் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். வள்ளக்காரர் தேவையில்லாமல் மூன்று தரம் பாம் பாம் என்று கோணை அழுத்தினார். ஏழு பிள்ளைகளும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ரீச்சர் கடைசியாக இறங்கி, ரின்னைத் திறந்து ஏழு அட்டைகளையும் ஏழு கைகளில் கொடுத்தார். ஒரு அட்டைகூட நனைந்திருக்கவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். மலையில்போல லொறிக்குப் பின்னால் போய் ஒளிக்கவில்லை.

என் பக்கம் திரும்பிய ரீச்சர் ஒரு வார்த்தைதான் சொன்னார். “வியாழக்கிழமை சோதனை முடியுது அண்ணை. திரும்பக் கொண்டுபோய் விடவேணும்.”

போனேன். வாளியோடுதான் போனேன்.

ஏழு பேரில் ஐந்து பேர் சித்தியடைந்தார்கள். மூன்று பெண்பிள்ளைகளும் அந்த ஐந்துக்குள் அடக்கம். வாளிக்கு எதிரே தேற்றம் சொன்னவள் இப்போது அதே தீவில் கணிதம் படிப்பிக்கிறாள். வழியில் கண்டால் “தேசிக்காய் இருக்கோ மாமா?” என்று கேட்காமல் போகமாட்டாள். அந்த மார்கழிக்குப் பிறகு எங்கள் இறங்குதுறையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்த வள்ளம் திருத்தினாலும், “திருத்தினவர் எங்கை, ஏறட்டும்” என்று ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். அது ஒரு பஞ்சாபிக்கார ஹவில்தார் பர்மா மலையில் போட்ட சட்டம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த மனிதர் கடலைக் கண்டிருப்பாரோ தெரியாது.

தேநீர்க் கடையில் இப்போதும் யுத்தக் கதை சொல்கிறேன். அதில் துவக்குச் சத்தம் வருவதில்லை. திருநீற்று டப்பாவும், திருநெல்வேலிச் சாரதியும், குழிகளுக்குள் காத்திருந்த பன்னிரண்டு பேரும் வருகிறார்கள். கேட்பவர்கள் இப்போதும் பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் இருக்கிறார்கள். என் கடல் பயம் இன்றுவரை போகவில்லை, அதற்காக ஒருநாளும் கரையில் நின்றதும் இல்லை. எஞ்சினைப் பூட்டிக் கையைத் துடைக்கும்போது “வேலை முடிஞ்சுதோ பட்டாளத்தார்?” என்று யாராவது கேட்டால், என் வாயில் முதலில் வருவது ஒரே பதில்தான்: “இன்னும் நான் ஏறேல்லை.”